சிமுலேட்டரா, இரட்டைக் கன்சோலா: ரோபோ அறுவைப் பயிற்சிக்கு எதை முதலில் வாங்குவது?

ரோபோ அறுவை சிகிச்சையைத் தொடங்கும் எந்தத் துறையும், இயந்திரம் வந்து சேர்ந்த சில மாதங்களிலேயே அடுத்த கேள்வியை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது: இளம் மருத்துவர்களை எதில் பழக்குவது? கையில் உள்ள நிதிக்கு, மெய்நிகர் காட்சியில் பழக்கும் சிமுலேட்டர், மருத்துவர் அமர்ந்து ரோபோவை இயக்கும் கன்சோலை இரண்டாக்கி ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் அமரும் இரட்டைக் கன்சோல் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் முதலில் வாங்க முடியும். எங்கள் சிறுநீரகவியல் துறையில் டா வின்சி என்ற அறுவை ரோபோவுக்கு இரண்டாவது கன்சோலையே வாங்கினோம். இன்றும் நான் அந்தப் பக்கம்தான்.

சிமுலேட்டரின் நன்மைகளை அதிகம் விளக்கத் தேவையில்லை. நோயாளிக்கு ஆபத்தில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம், முடிந்ததும் மதிப்பெண் வந்துவிடும். கருவிச் செலவும் மிச்சம்: டா வின்சியின் கருவிகளில் பலவற்றை 10 முதல் 18 முறைக்கு மேல் பயன்படுத்த இயந்திரமே அனுமதிக்காது என்பதால், அவற்றைப் பயிற்சிக்கென்று செலவழிக்க யாருக்கும் மனம் வராது. கேமரா பெடல், கிளட்ச், வெட்டுவதற்கு மஞ்சள் பெடல், இரத்தத்தை உறையவைப்பதற்கு நீலப் பெடல் என்று காலுக்குப் பழக வேண்டியவை அனைத்தையும் சிமுலேட்டரில் பழகிவிட்டு வருபவர், அவற்றை ஆபரேஷன் தியேட்டரில் தேடிக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் இயந்திரத்தின் கன்சோலிலேயே பொருத்தும் வகை சிமுலேட்டராக இருந்தால், அன்றைய அறுவைப் பட்டியல் முடிந்து தியேட்டர் காலியான பிறகுதான் பயிற்சி. அந்த நேரத்தில் வார்டு வேலையை விட்டுவிட்டு வரக்கூடிய முதுநிலை மாணவர்கள் அரிது.

இரட்டைக் கன்சோல், 2009இல் டா வின்சி எஸ்ஐ மாடலுடன் அறிமுகமானது. இருவர் கண்ணுக்கும் ஒரே முப்பரிமாணக் காட்சி; கருவிகளின் கட்டுப்பாட்டை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நொடியில் மாற்றலாம்; கருவி கையில் இல்லாதவர், காட்சிக்குள்ளேயே ஒரு சுட்டியை நகர்த்தி இடத்தைக் காட்டலாம். ஒற்றைக் கன்சோலில் கற்றுத்தரும்போது, ஆசிரியர் வெளியே உள்ள தட்டையான திரையைப் பார்த்து அதன் மேல் விரலால் கோடு இழுக்கிறார். எந்தத் தளத்தில், அதாவது எந்தத் திசு அடுக்குகளுக்கு இடையில், வெட்ட வேண்டும் என்பதை அந்தக் கோடு ஓரளவு காட்டும். எவ்வளவு ஆழத்தில் என்பதைக் காட்டாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுப்பது என்ற ஒரே விஷயம். புராஸ்டேட் அகற்றும் அறுவையில் சிறுநீர்ப்பைக் கழுத்தைப் பிரிக்கும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் சரியான தளத்தை விட்டுச் சற்று விலகுகிறார். ஒற்றைக் கன்சோல் என்றால் அவர் எழ வேண்டும், ஆசிரியர் உட்கார வேண்டும், இருக்கையையும் கைத்தாங்கியையும் தமக்கேற்பச் சரிசெய்ய வேண்டும், இடையில் கசியும் இரத்தத்தை நோயாளியின் அருகில் நிற்கும் உதவியாளர் உறிஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவும் செய்து அமர்ந்த ஆசிரியர், நான்கு வெட்டு வெட்டிவிட்டு மறுபடியும் எழுந்து இடம் கொடுப்பது அபூர்வம். அந்தக் கட்டத்தைத் தாமே முடித்துவிடுவார். மாணவருக்குப் போவது அந்த நான்கு வெட்டுகள் மட்டுமல்ல, தளத்துக்குத் திரும்பிய பின் தொடர்ந்து செய்யும் வாய்ப்பும்தான். இரட்டைக் கன்சோலில் ஆசிரியர் கருவியை வாங்கி, திசுவை வேறு பக்கம் இழுத்துக் காட்டி, தளம் தெரிந்ததும் திருப்பித் தந்துவிடுகிறார். சிறுநீர் வெளியேறும் குழாயான யூரித்ராவோடு சிறுநீர்ப்பையை இணைக்கும் தையலிலும் இதே கதைதான்: நூலை இழுக்கும் விசை கைக்குத் தெரியாததால், திசுவின் விளிம்பு வெளுக்கத் தொடங்குவதைக் கண்தான் கவனிக்க வேண்டும். எந்த அளவு வெளுத்தால் நிறுத்துவது என்பதை, இருவரும் ஒரே காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லித்தருவது எளிது. சிமுலேட்டர் மிகை விசையைக் கணக்கிட்டு மதிப்பெண்ணைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் கதிர்வீச்சு பெற்ற திசுவின் நொய்மையை நான் பயன்படுத்திப் பார்த்த எந்தச் சிமுலேட்டரிலும் காணவில்லை.

இரட்டைக் கன்சோலின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. பிடுங்கிக்கொள்வது அவ்வளவு எளிதென்றால், பொறுமையில்லாத ஆசிரியர் பிடுங்கிக்கொண்டேதான் இருப்பார். மாணவரும் பக்கத்தில் ஆள் இருக்கும் தைரியத்திலேயே பழகிவிடுவார். மேற்பார்வையின்றிச் செய்யும் முதல் அறுவை எவ்வளவு கனமானது என்பதற்கு, 2008இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஒரு புராஸ்டேட் அறுவையே சான்று. அதைச் செய்த மருத்துவருக்கு மேற்பார்வையாளர் இல்லாத முதல் ரோபோ அறுவை அது. சிக்கல்கள் நேர்ந்து, வழக்கு அம்மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று, இயந்திரத்தின் ஆபத்துகளை மருத்துவமனைக்கும் எச்சரிக்கும் கடமை தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2017இல் தீர்ப்பாயிற்று. ஆசிரியர் எப்போது இரண்டாவது கன்சோலை விட்டு எழ வேண்டும் என்பதற்கு, ஆழத்தை உணர்தல், இரு கைத் திறன், விசையைக் கையாளுதல் உள்ளிட்ட 6 அம்சங்களுக்குப் புள்ளியிடும் கியர்ஸ் அளவுகோலை நாங்கள் பயன்படுத்துகிறோம். அது போதுமா என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எங்களிடம் பயின்று வெளியேறியவர்கள் இன்னும் அதிகமில்லை.

முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து பெரிய திரையைப் பார்க்கும் திறந்த கன்சோல் கொண்ட எஸ்எஸ்ஐ மந்த்ரா, வெர்சியஸ் போன்ற இயந்திரங்களில், பின்னால் நிற்கும் ஆசிரியரும் கண்ணாடி அணிந்தால் ஆழத்தைப் பார்த்துவிடலாம் என்பதால், இரண்டாவது கன்சோலுக்கான என் வாதம் அங்கே பாதி வலுவிழக்கும். அவற்றில் நான் யாரையும் பயிற்றுவித்ததில்லை. வாரத்துக்கு ஓரிரு ரோபோ அறுவைகள் மட்டுமே நடக்கும் இடங்களிலும் இரண்டாவது கன்சோல் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்; அங்கே தனியாக இயங்கும் சிமுலேட்டரை முதலில் வாங்கிவிட்டு, அறுவைகளின் எண்ணிக்கை கூடிய பிறகு இதைப் பற்றி யோசிக்கலாம்.