கைத்தையல் தோல் பெட்டி என்று விற்கப்பட்டது: கொழும்பில் வாங்க இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

2023 ஜனவரியில், காலி வீதியை ஒட்டிய ஒரு கடையில், முழு மாட்டுத்தோலில் கையால் தைத்துத் தருவதாகச் சொன்னதை நம்பி 72,000 ரூபாய் கொடுத்து ஒரு பயணப் பெட்டி செய்வித்தேன். பதினெட்டு மாதங்கள் கழித்து, அதன் முதலாவது நீண்ட பயணத்திலேயே, மேற்பரப்பு பொருக்குப் பொருக்காக உரிந்து, கைபிடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. விடயம் இப்போது மத்தியஸ்த சபையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் என்னை நம்பவைத்த முறையை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அதே முறையில் இன்னொருவரை நம்பவைப்பது மிகவும் எளிது.

தோல் பெட்டியை நான் ஆடம்பரத்துக்காகத் தேடவில்லை. வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸிலும் புகையிரதத்திலும் வருடத்தில் ஐந்தாறு தடவை போய்வருகிறவர்கள் நாங்கள். ஐந்து வருடங்களில் மூன்று பெட்டிகள் போய்விட்டன. ஒன்றின் சில்லு உடைந்தது, ஒன்றின் இழுபிடி இறுகிக்கொண்டது, மூன்றாவதன் ஓடு வெடித்தது. மூன்றையும் திருத்துவதற்கு ஒருவரும் இல்லை. தைத்த தோல் பெட்டியென்றால் நூல் அறுந்தால் மீண்டும் தைக்கலாம், வார் தேய்ந்தால் புதிய வார் போடலாம், இருபது வருடமானாலும் திறமையான கையொன்று அதைத் திருத்தித் தரும். எழுபத்தொரு வயதான அம்மாவை ரொறன்ரோவிலுள்ள தம்பியிடம் அழைத்துச் செல்லும் எண்ணமும் அப்போதே இருந்தது. அந்தப் பயணத்துக்கும் அதற்குப் பின்னான எல்லாப் பயணங்களுக்கும் ஒரே பெட்டி போதும் என்று கணக்குப் போட்டேன்.

கடை உரிமையாளர் இனிமையாகப் பேசக்கூடியவர். "அக்கா, நீங்கள் தோலைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், உங்களிடம் பொய் சொல்ல ஏலாது" என்றுதான் தொடங்கினார். உள்ளங்கை அளவுள்ள ஒரு மாதிரித் துண்டை என் கையில் தந்தார். ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்பு, ஓரத்தில் இழைகள் நெருக்கமாகத் தெரிந்தன, மடித்தபோது மெல்லிய சுருக்கங்கள் எழுந்து மறைந்தன. லைட்டரை அதன் ஓரத்தில் பிடித்துக் காட்டினார். உருகவில்லை, கருகியது, மயிர் எரியும் நாற்றம் வந்தது. திண்டுக்கல்லில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் என்றார். தமிழ்நாட்டில் அவ்வாறு தாவரச் சாற்றில் பதனிடும் தொழில் உண்மையாகவே இருக்கிறது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு ஆகிய இடங்கள் அதற்குப் பெயர்பெற்றவை, அந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பக்கிள்கள் பித்தளை என்பதற்குச் சான்றாக ஒரு காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை பாருங்கள் என்றார். மெழுகு பூசிய நூலையும் இரண்டு ஊசிகளையும் மேசையில் வைத்து, எங்கள் ஆட்கள் இப்படித்தான் தைப்பார்கள் என்றார்.

அவர் காட்டியவற்றில் எதுவும் போலியில்லை. மாதிரித் துண்டு நல்ல தோல். ஊசியும் நூலும் உண்மையான ஊசியும் நூலும். ஆனால் என் பெட்டியில் அவற்றில் ஒன்றுமே சேரவில்லை. காந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். பித்தளையில் காந்தம் ஒட்டாது என்பது சரி, பித்தளை நிறம் பூசிய துத்தநாகக் கலப்புலோகத்திலும் அது ஒட்டாது. இரும்பில்லை என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதுவும் சொல்லாது.

முற்பணமாகப் பாதியைக் கொடுத்தேன். ஆறு கிழமைகள் ஆகும் என்றவர் ஒன்பதாம் நாள் அழைத்து, பெட்டி தயார் என்றார். அப்போதே யோசித்திருக்க வேண்டும். கைத்தையல் என்பது ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகளைக் கோத்து, குத்தூசியால் இட்ட ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் எதிரெதிராக இழுத்து இறுக்குவது. ஒரு தையல் அறுந்தாலும் மற்ற ஊசியின் நூல் அதே துளைகளில் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால்தான் குதிரைச் சேணம் தைப்பவர்கள் அந்த முறையைக் கையாண்டார்கள். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கின்றன. பாரம் இழுக்கும் இடத்தில் ஒன்று அறுந்தால் அடுத்தவை ஒவ்வொன்றாகத் தளரும். ஒரு பெரிய பெட்டியில் கைபிடி, மூலைகள், வார்கள் எல்லாம் சேர்த்து ஆறு மீற்றர் தையலாவது வரும். ஓர் அங்குலத்துக்கு ஏழு என்று வைத்தாலும் ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட தையல்கள். ஒன்பது நாட்களில் அதைக் கையால் முடிப்பது நடவாத காரியம் அல்ல. ஆனால் அந்தக் கடைக்கு என் பெட்டி ஒன்று மட்டும்தான் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

நிறையும் என்னிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வீட்டுத் தராசில் வெறும் பெட்டி 2.6 கிலோகிராம் காட்டியது. விமானத்தில் ஒரு பொதிக்கு 23 கிலோகிராம்தான் அனுமதி, பெட்டியின் பாரம் குறைந்தால் அந்த அளவுக்குச் சாமான் கூட வைக்கலாம் என்று மகிழ்ந்தேன். 70 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 20 ஆழம் கொண்ட பெட்டியின் மேற்பரப்பு ஒரு சதுர மீற்றரைத் தாண்டும். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள தோல் ஒரு சதுர மீற்றர் மூன்று கிலோகிராம் அளவில் இருக்கும். சட்டகம், உட்துணி, பக்கிள்கள் எல்லாம் சேராமலே தோல் மட்டும் முழுப் பெட்டியின் நிறையை விஞ்ச வேண்டும். இந்தப் பெருக்கலைச் செய்ய எனக்குப் பதினெட்டு மாதங்கள் தேவைப்பட்டன என்பதில் இன்றும் மனம் வருந்துகிறேன்.

2024 ஜூலை வரை அந்தப் பெட்டியை நான் பயணத்துக்கு எடுக்கவே இல்லை. மழைக்கும் பஸ்ஸின் மேற்கூரைக்கும் அதைக் கொடுக்க மனம் வரவில்லை. கடைக்காரர் தந்த பொலித்தீன் உறையில் இட்டு, அவர் சொன்னபடியே அலுமாரியின் மேற்தட்டில் வைத்திருந்தேன். புறப்படுவதற்கு முதல்நாள் எடுத்தபோது மூலைகளில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. தோலுக்கு வரும் இயல்பான கோடுகள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு சாமான்களை அடுக்கினேன். கட்டுநாயக்காவில் ஏறி, மத்திய கிழக்கில் விமானம் மாறி, ஏறக்குறைய ஒரு முழுநாள் கழித்து ரொறன்ரோவில் பொதிகள் சுற்றிவரும் பட்டியில் பெட்டி வந்தபோது, அதை முதலில் கண்டவர் அம்மா. "இது எங்கடையா பிள்ளை?" என்று கேட்டார். கைபிடியின் ஒரு முனை வெளியே வந்திருந்தது, இரண்டு மூலைகளில் மண்ணிறத் தோற்றம் காய்ந்த வாழைச்சருகு போலத் தொங்கியது, உள்ளே மட்டை தெரிந்தது. அம்மாவின் கூறைச்சேலையை அதற்குள்தான் பத்திரமாக வைத்திருந்தோம். கிழிந்த ஓரத்தால் புகுந்த மண்ணிறத் துகள்கள் அதன் மடிப்புகளுக்குள் இருந்தன. அந்தச் சேலையைத் தம்பியின் மனைவி இரண்டு நாட்கள் தூரிகையால் தட்டித் துடைத்தார்.

விமான நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டேன். 1999 மொன்றியல் உடன்படிக்கையின்படி பொதிக்கு ஏற்பட்ட சேதத்தை, அது கையில் கிடைத்து ஏழு நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆனால் பொதியின் உள்ளார்ந்த குறைபாட்டாலோ தரத்தாலோ நேர்ந்த சேதத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பல்ல என்பதும் அதே உடன்படிக்கையில்தான் இருக்கிறது. உரிந்த படங்களைப் பார்த்த அவர்கள் அதையே பதிலாகத் தந்தார்கள். அந்தப் பதிலில் என்னால் பிழை காண முடியவில்லை.

கொழும்புக்குத் திரும்பியதும் புறக்கோட்டையில் நாற்பது வருடங்களாகச் சப்பாத்தும் பையும் திருத்தும் பெரியவர் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். கைபிடியை மாற்றித் தரும்படிதான் கேட்டேன். அவர் பெட்டியை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "மகள், இதில் ஊசி போட்டால் பிடிக்காது. வெட்டிக் காட்டவா?" என்றார். கத்தியால் பின்பக்க மூலையை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்தார். ஓரத்தில் தடிப்பாகப் பூசியிருந்த மண்ணிற வர்ணம் விலகியதும் உள்ளே நான்கு அடுக்குகள் தெரிந்தன. மேலே விரல்நகத்தால் சுரண்டக்கூடிய பிளாஸ்திக் படலம், அதன்கீழ் பிட்டுமாவைப் பசை விட்டுப் பிசைந்து அழுத்தியது போன்ற ஒன்று, அதன்கீழ் நெய்த துணி, கடைசியாகச் சாதாரண மட்டை. தோல் தொழிற்சாலைகளில் சீவி எறியும் கழிவைத் தூளாக்கிப் பசையோடு சேர்த்துத் தகடாக அழுத்தி, மேலே பொலியுரேத்தேன் என்ற பிளாஸ்திக்கைப் பூசி, தோலின் துளைகள் போன்ற கோலத்தை உருளையால் பதித்தெடுப்பதையே பொண்டட் லெதர் என்கிறார்கள். அதில் தோல்தூள் இருப்பதால் எரித்தாலும் மயிர் நாற்றம் வரும், மணத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கைபிடிக்குள் சுருட்டிய மட்டையும் இரண்டு மெல்லிய றிவெட்டுகளும் இருந்தன. பக்கிளை அரத்தால் ஒருமுறை இழுத்தார், மஞ்சள் போய்ச் சாம்பல் நிறம் வந்தது. தையல் முழுவதும் இயந்திரத் தையல். பார்த்ததற்கு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கடைக்காரரிடம் போனபோது அவருடைய முகம் வேறாக இருந்தது. பெட்டியை அலுமாரியில் மூடி வைத்ததால் பூஞ்சணம் பிடித்து உரிந்துவிட்டது, அது என் பராமரிப்புக் குறை, ஐந்து வருட உத்தரவாதம் தையலுக்கு மட்டும்தான் என்றார். பொலித்தீனில் வைக்கச் சொன்னவரே அவர்தான் என்று நினைவூட்டியபோது, தான் அப்படிச் சொல்லவில்லை என்றார். இந்தப் பூஞ்சணக் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள் என்பதால் இதை அழுத்தமாக எழுதுகிறேன். கொழும்பின் ஈரக்காற்றில் நல்ல தோலிலும் பூஞ்சணம் பிடிக்கும், உண்மைதான். துடைத்து, நிழலில் உலர்த்தி, மெழுகு தேய்த்தால் அது போய்விடும், கறை மிஞ்சினாலும் மிஞ்சலாம். ஆனால் மேற்பரப்போடு கூடிய முழுத்தோல் படலமாக உரியாது, ஏனென்றால் அதன்மேல் உரிவதற்கு ஒரு பிளாஸ்திக் படலம் இல்லை, அதன் மேற்பரப்பும் உட்பகுதியும் ஒரே இழைப்பின்னல். உரிவது பொலியுரேத்தேன் பூச்சு. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அது நீராற்பகுப்புக்கு, அதாவது ஈரத்தோடு வினைபுரிந்து உடைவதற்கு, உள்ளாகிச் சிதைகிறது, பாவிக்காமல் வைத்திருந்தாலும் சிதைகிறது. உறைக்குள் ஈரத்தை அடைத்து வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். "பயணப் பெட்டி 1" என்று மட்டும் எழுதியிருந்தது. தோல் என்ற சொல்லே இல்லை. உத்தரவாத அட்டையில் முத்திரை இருந்தது, எதற்கு உத்தரவாதம் என்ற இடம் வெறுமையாக இருந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தபோது, பேசியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளைப் பற்றிப் பொய்யாக எடுத்துரைத்து விற்பது குற்றம், ஆனால் முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் வாங்கி அப்போது இரண்டு வருடங்கள் ஆகப்போகின்றன. இந்த மோசடியில் என்னை மிகவும் கோபப்படுத்தியது இதுதான்: அந்தப் பூச்சு மூன்று மாதங்களுக்குள் பெரும்பாலும் உரியாது. வாங்கியவர் உண்மையைக் காணும் நாளில் முறைப்பாட்டுக் காலம் எப்போதோ முடிந்திருக்கும்.

ஆகவே எல்லாவற்றையும் வாங்கும் நாளிலேயே பார்த்துவிடுங்கள். மாதிரித் துண்டைப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அந்தத் துண்டை உங்களிடமே வைத்துக்கொண்டு, பெட்டி வரும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். நான் அதை மட்டும் தற்செயலாகச் செய்திருந்தேன், துண்டு என் கைப்பையிலேயே கிடந்தது. வர்ணம் பூசாத ஓர் ஓரத்தை, உட்பக்க வாரின் நுனியையாவது காட்டச் சொல்லுங்கள். இழைகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நெருக்கமாகப் போக வேண்டும், நடுவில் துணி தெரியக் கூடாது. பெட்டியின் இரண்டு பக்கங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். மாட்டுத்தோலில் கழுத்துச் சுருக்கமும் பூச்சிக்கடித் தழும்பும் ஓரிடத்தில் ஒருவிதமாக இருக்கும், அச்சில் பதித்த கோலம் மட்டும்தான் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். "ஜெனுயின் லெதர்" என்ற முத்திரையில் மயங்க வேண்டாம், மேற்பரப்பைச் சீவி எடுத்தபின் மிஞ்சும் பலவீனமான அடிப்பகுதித் தோலுக்கும் அந்த முத்திரை விழுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, "மேற்பரப்போடு கூடிய முழு மாட்டுத்தோல், இத்தனை மில்லிமீற்றர், கைத்தையல், பித்தளை" என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது வியாபாரியின் கடமை. அந்தச் சொற்களை எழுதத் தயங்குபவரிடம் வாங்காமல் திரும்புங்கள்.

எங்கள் பகுதி மத்தியஸ்த சபையில் விண்ணப்பித்திருக்கிறேன். முதலாவது அமர்வுக்குக் கடைக்காரர் வரவில்லை. இரண்டாவதுக்கு வந்து, அதே வகையில் புதிய பெட்டி ஒன்று தருவதாகச் சொன்னார். அதை ஏற்க மறுத்தேன். இணக்கம் வராவிட்டால் சபை அதற்கான சான்றிதழைத் தரும், அதைக் கொண்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். அடுத்த அமர்வுக்குப் பெரியவர் வெட்டிய மூலையையும், கைப்பையில் கிடந்த அந்த மாதிரித் துண்டையும் கொண்டுபோகிறேன். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவேண்டும்.