ரூஸ்வுர்ம்: கிரேமேஷுக்காகவே குன்றேறலாம்

புடாபெஸ்டின் கோட்டைக் குன்றில், மாத்தியாஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ரூஸ்வுர்ம். 1827-இல் தொடங்கிய கேக் கடை. உள்ளே இடம் ரொம்பக் குறைவு, அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

கிரேமேஷ்தான் இங்கே பேர்போனது. மேலும் கீழும் மொறுமொறு மாவுத் தகடு, நடுவில் தளதளவென்று வெனிலா கிரீம், மேலே பொடிச் சர்க்கரை. முள்கரண்டியை அழுத்தினால் கிரீம் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். நான் மேல் தகட்டைத் தனியாக எடுத்துக் கடித்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. தித்திப்பும் திகட்டவில்லை.

அப்புறம் டோபோஷ். யோஸெஃப் டோபோஷ் 1885-இல் அறிமுகப்படுத்திய கேக். சாக்லேட் கிரீம் அடுக்குகள் வெண்ணெயாய் வழுக்கிப் போகும்; உச்சியிலுள்ள கேரமல் தகடுதான் பல்லுக்குச் சோதனை. எனக்குக் கிரேமேஷே போதும். முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்க: இரண்டிலுமே முட்டை உண்டு.