ஆலய வளவுக் கூட்டெரு: மரக்கறிப் பாத்திக்கு வாங்கலாம், தேயிலைக்கு வேண்டாம்

நுவரெலியா மாவட்டத் தோட்டப்புறத்து அங்கிலிக்கன் ஆலயம் ஒன்று தன் வளவிலேயே தயாரித்து, 25 கிலோ மூட்டையாக விற்கும் கூட்டெரு இது. கடவுளின் படைப்பான இயற்கையைப் பேணுவதைத் தன் ஊழியத்தின் ஐந்தாவது அடையாளமாக அங்கிலிக்கன் சபை 1990இல் சேர்த்துக்கொண்டது. பிரசங்கத்தோடு நிற்காமல் அது மண்வெட்டி வரை வந்திருப்பது பெரிய காரியம்.

மூட்டையைப் பிரித்தால் மழை விழுந்த மண் வாசம். அமோனியா நெடி இல்லை. ஒரு பிடியை இறுக்கினால் உருண்டையாகிறது, தண்ணீர் சொட்டவில்லை. மலைநாட்டுக் குளிரில் இந்தப் பதம் லேசில் வராது. குவியல் எந்தப் பக்கமும் ஒரு மீற்றருக்குக் குறைந்தால் உள்ளே 55 பாகை சூடு ஏறாது, களை விதை சாகாது. இங்கே மானாப்புல்லும் சருகும் மூன்று பங்கு, சாணமும் மரக்கறிக் கழிவும் ஒரு பங்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டி, நான்கு மாதம் கழித்தே அரிக்கிறார்கள். மேலே தகரக் கூரையும் உண்டு. ஜூன், ஜூலை மழையில் திறந்து கிடந்தால் குவியல் காற்றில்லாமல் அழுகிய முட்டையாய் நாறும், சத்தெல்லாம் ஓடைக்குப் போய்விடும்.

சதுர மீற்றருக்கு ஒரு கிலோ போட்டு மேல்மண்ணோடு கொத்திவிட்டால் லீக்ஸ், போஞ்சி, கரட் எல்லாவற்றுக்கும் நல்லது. மக்காத எருவில் கரட் இரண்டு மூன்றாகப் பிளந்து வளரும். இதில் அந்தப் பயமில்லை. ஆனால் இதை யூரியாவின் இடத்தில் வைக்கக்கூடாது. யூரியாவில் நைதரசன் 46 வீதம், நல்ல கூட்டெருவிலும் ஒன்றிரண்டு வீதம்தான். 2021இல் இரசாயன உரத் தடை வந்தபோது விவசாயிகள் இதைப் பட்டுத்தான் அறிந்தார்கள். தேயிலை கேட்பது 4.5 முதல் 5.5 வரையான அமில மண். லயத்து அடுப்புச் சாம்பல் நிறையச் சேரும் இந்த எரு மண்ணின் அமிலத்தைக் குறைக்கும், அதற்கு ஒத்துவராது.

குறை இரண்டு. அரித்த எருவிலும் பச்சைத் துணுக்குகள் கிடக்கின்றன: பீடத்துப் பூக்களைக் குத்தி வைக்கும் ஸ்பொஞ்சுக் கட்டி அது. பிளாஸ்டிக், மக்காது, நொறுங்கி மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும். சாடிக்குள் கம்பி வலையைச் சுருட்டி வைத்தாலே பூ நிற்கும். படைப்பைப் பேணும் வேலை பீடத்திலிருந்தே தொடங்கட்டும். அடுத்தது, வேர் வீங்கி முடிச்சு விழுந்த கோவாத் தண்டுகளையும் வாங்கிக் குவியலில் போடுகிறார்கள். சூடு போதாத ஓரத்தில் அந்த நோய் தப்பிப் பிழைத்து மூட்டையோடு அடுத்த தோட்டத்துக்குப் போகும். அதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

விற்பனை ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மட்டும். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களுக்கு அந்த நேரம் சரிவராது. வார நாளில் ஒரு மாலையும் திறந்தால் அவர்களும் வாங்குவார்கள்.