66 நாவல்கள், ஒரே வரிசை: அகதா கிறிஸ்டியுடன் ஏழு ஆண்டுகள்

அகதா கிறிஸ்டி எழுதிய துப்பறியும் நாவல்கள் மொத்தம் 66. அவற்றை வெளிவந்த வரிசையிலேயே, ஒன்றையும் தாண்டாமல், ஒவ்வொன்றின் முடிவுக்கும் முன்பாக என் விடையை எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பது என்று 2016 ஜூனில் தொடங்கினேன். கடைசி நாவலின் கடைசிப் பக்கத்தை 2023 நவம்பரில் மூடினேன். எந்த நாவல் சிறந்தது என்று தரவரிசை இடுவது என் நோக்கமன்று. இந்த முறையில் வாசித்ததால் எனக்குக் கிடைத்ததையும் கிடைக்காமல் போனதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். கொலையாளி யார் என்பதை எந்த இடத்திலும் சொல்லப் போவதில்லை. இனி வாசிக்க இருப்பவரிடமிருந்து அதைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை என்பது இந்த ஏழு ஆண்டுகளில் எனக்குள் இன்னும் அழுத்தமாகிவிட்டது.

மர்மக்கதைப் பழக்கம் எனக்குத் தெருமுனை வாடகை நூல் நிலையத்திலிருந்து வந்தது. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்களைப் பள்ளிப் பருவத்தில் நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் வாசித்திருக்கிறேன். ராஜேஷ்குமார் இரண்டு தனித்தனிக் கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் நகர்த்திக் கடைசியில் ஒன்றாகக் கோக்கும் விதம் இன்றும் எனக்குப் பிடித்தமானது. ஆனால் அந்த நாவல்களில் நான் தேடியது வேகம். யார் செய்திருப்பார் என்று நின்று யோசிக்க அந்த வேகம் இடம் கொடுக்காது, நானும் கேட்டதில்லை. எழுத்தாளர் முன்வைக்கும் புதிரை வாசகர் தானே விடுவிக்க முயலலாம் என்ற எண்ணம், கிறிஸ்டியையும் அவர் காலத்து எழுத்தாளர்களையும் வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வந்தது.

வரிசையாக வாசிப்பது என்ற முடிவுக்கு ஓர் இழப்பு காரணமாக இருந்தது. கல்லூரி நாட்களில், கையில் கிடைத்ததை எல்லாம் கிடைத்த ஒழுங்கில் வாசித்துக்கொண்டிருந்தபோது, 1937-இல் வெளிவந்த 'டம்ப் விட்னஸ்' நாவலை எடுத்தேன். அதன் 18-ஆம் அத்தியாயத்தில், கிறிஸ்டியின் துப்பறிவாளர் எர்க்யூல் பொய்ரோ, தாம் முன்பு பிடித்த நான்கு கொலையாளிகளின் பெயர்களைப் பேச்சுவாக்கில் அடுக்குகிறார். நான்கும் நான்கு முந்தைய நாவல்களின் விடைகள். அவற்றில் ஒன்றைக்கூட நான் அப்போது வாசித்திருக்கவில்லை. துப்பறியும் இலக்கியத்தில் இன்றுவரை விவாதிக்கப்படும் 1926-ஆம் ஆண்டின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' அந்த நான்கில் ஒன்று. அந்த முடிவை அறியாமல் அதை வாசிக்கும் வாய்ப்பு இனி என் வாழ்நாளில் எனக்கு இல்லை. அதேபோல, 1936-இல் வந்த 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' நாவலில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ரயில் கொலை நாவலின் முடிச்சு ஓரிரு வரிகளில் அவிழ்ந்துவிடுகிறது. ஆகவே எல்லா 66-ஐயும் வரிசைப்படி வாசிக்க இயலாதவர்கள்கூட, இந்த இரண்டையும் மற்றப் பொய்ரோ நாவல்களுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

விடையை எழுதிவைக்கும் பழக்கத்தை, எல்லரி குவீன் என்ற புனைபெயரில் இருவர் சேர்ந்து எழுதிய நாவல்களிலிருந்து எடுத்துக்கொண்டேன். 1929-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் நாவலிலேயே, தீர்வுக்குச் சற்று முன்பாகக் கதையை நிறுத்தி, தேவையான தடயங்கள் அனைத்தும் இப்போது உங்கள் கையில் இருக்கின்றன என்று வாசகருக்கு அறைகூவல் விடும் பகுதி ஒன்று உண்டு. கிறிஸ்டி அப்படி நிறுத்திச் சொல்வதில்லை என்பதால், பொய்ரோ எல்லோரையும் ஓர் அறைக்கு அழைக்கும் இடத்தையோ, கிறிஸ்டியின் மற்றொரு துப்பறிவாளரான மிஸ் மார்பிள் தமக்குப் புரிந்துவிட்டது என்று சொல்லும் இடத்தையோ நான் எல்லையாக வைத்துக்கொண்டேன். அங்கே புத்தகத்தை மூடிவிட்டு, குறைந்தது ஒரு நாள் கழித்துத்தான் மீண்டும் திறக்க வேண்டும் என்பது விதி. கோடு போடாத நீளக் குறிப்பேடு ஒன்றில் இடப்பக்கத்தில் ஆட்களின் பெயர், வயது, உறவு ஆகியவற்றையும், வலப்பக்கத்தில் நேரங்களையும் யார் எதைக் கண்டதாகச் சொன்னார் என்பதையும் எழுதுவேன். எழுதியதை அடிக்கக் கூடாது. தீர்வு அத்தியாயத்தை வாசிக்கும்போது ஒரு பழைய அஞ்சலட்டையால் எதிர்ப்பக்கத்தை மூடிக்கொள்வேன். பெயர் வரும் வரிக்குக் கண் தானாகத் தாவிவிடும் என்பதை முதல் ஐந்தாறு நாவல்களிலேயே கண்டுகொண்டேன். மின்னூல் கருவியில் எதிர்ப்பக்கம் என்ற ஒன்றே இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வீட்டின் வரைபடத்தை மீண்டும் மீண்டும் புரட்டிப் பார்க்கவேண்டிய நாவல்களுக்கு அச்சுப் புத்தகத்துக்கு ஈடில்லை என்பதே என் அனுபவம்.

புத்தகங்களைச் சேர்ப்பதே தனி வேலையாக இருந்தது. பாதிக்கு மேல் பழைய புத்தகக் கடைகளில் வாங்கினேன். அமெரிக்கப் பதிப்புகளுக்கு வேறு தலைப்பு வைக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்ததை அறியாமல், 1933-ஆம் ஆண்டின் 'லார்ட் எட்ஜ்வேர் டைஸ்' நாவலையே 'தர்ட்டீன் அட் டின்னர்' என்ற பெயரில் இரண்டாம் முறையும் வாங்கி, இருபது பக்கம் வாசித்த பிறகே உணர்ந்தேன். ஆனால் ஒரு முறை இரண்டு பதிப்புகளை வாங்கியது பயனாகவே முடிந்தது. 'த்ரீ ஆக்ட் டிராஜடி' நாவலின் பிரிட்டிஷ் பதிப்பிலும் அமெரிக்கப் பதிப்பிலும் கொலையாளி ஒருவரே என்றாலும், கொலைக்கான காரணம் வேறு. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தபோது, தடயங்களை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு காரணத்தை மட்டும் மாற்றினால் முழுக் கதையின் நிறமும் எப்படி மாறுகிறது என்பதைக் காண முடிந்தது.

பழைய புத்தகம் ஒன்றில், கதைமாந்தர் பட்டியலில் ஒரு பெயரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் இடப்பட்டிருந்தது. முன்பு வைத்திருந்தவர் தமது ஊகத்தைக் குறித்திருக்கலாம், விடையையே குறித்திருக்கலாம். அந்த வட்டம் சரியா தவறா என்ற சந்தேகத்துடனேயே 200 பக்கங்களையும் வாசிக்க நேர்ந்தது. அந்த நாவலை என் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இதைவிட வருத்தம் தந்தவை பின்னட்டைக் குறிப்புகள். நாவலின் பாதியில் நடக்கும் இரண்டாம் கொலையை அட்டையிலேயே அறிவித்துவிட்டால், அதற்கு முன்னால் ஆசிரியர் மெல்ல மெல்லக் கட்டி எழுப்பும் அச்சம் அனைத்தும் வீணாகிறது. இப்போது எந்த மர்ம நாவலை வாங்கினாலும் முதலில் பின்னட்டையைத் தாளால் ஒட்டி மறைத்துவிடுகிறேன். முன்னுரைகளை நாவலை முடித்த பிறகே வாசிக்கிறேன். அண்மைக் காலப் புத்தகங்கள் பலவற்றின் முன்னட்டையிலேயே 'நீங்கள் எதிர்பார்க்கவே முடியாத திருப்பம்' என்று அச்சிடுவதும் இதே வகைக் கேடுதான். திருப்பம் வரப்போகிறது என்று சொல்லப்பட்ட வாசகர் முதல் பக்கத்திலிருந்தே யாரையும் நம்புவதில்லை; நம்பிக்கை இல்லாத இடத்தில் ஏமாற்றப்படும் இன்பமும் இல்லை.

குறிப்பேட்டின்படி, கொலையாளியைச் சரியாகச் சொன்னவை 17. அவற்றிலும் காரணம், வழிமுறை ஆகிய இரண்டையும் சேர்த்துச் சரியாகச் சொன்னவை ஐந்து மட்டுமே. தொடக்கத்தில் இந்த எண்ணிக்கை எனக்கு மிக முக்கியமாக இருந்தது. ஏறத்தாழ இருபது நாவல்களுக்குப் பிறகு, தோற்ற இடங்களே கூடுதலாகக் கற்றுத் தருகின்றன என்று உணர்ந்து, எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் எழுதத் தொடங்கினேன். நஞ்சு தொடர்பானவற்றில் என் அறியாமையே பெரும்பாலும் காரணம். கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது டார்க்கி நகர மருத்துவமனையின் மருந்தகத்தில் பணியாற்றியவர். 1920-இல் வெளிவந்த முதல் நாவலின் தீர்வே ஸ்ட்ரிக்னைன் கலந்த ஒரு மருந்தின் வேதியியலைச் சார்ந்து நிற்கிறது. நஞ்சு பற்றிய விவரங்கள் சரியாக எழுதப்பட்டிருப்பதாக மருந்தாளர்களின் இதழ் ஒன்று அந்த நாவலைப் பாராட்டியது. 1961-ஆம் ஆண்டின் 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் அவர் விவரித்த தாலியம் நஞ்சின் அறிகுறிகளை நினைவில் வைத்திருந்த செவிலியர் ஒருவர், 1977-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் மருத்துவர்களுக்குப் பிடிபடாமல் இருந்த ஒரு குழந்தையின் நோயை அடையாளம் காட்டினார் என்பதை அறிந்தபோது, இந்த எழுத்தாளர் மீதான என் மதிப்பு வேறொரு தளத்துக்கு உயர்ந்தது.

என் தோல்விகளில் நான் மிகவும் நேசிப்பது 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்'. 1942-இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் வந்த நாவல். பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓவியர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார். குற்றவாளியாகத் தீர்க்கப்பட்ட மனைவி சிறையிலேயே இறந்துபோனார். வளர்ந்துவிட்ட மகள் பொய்ரோவிடம் வருகிறாள். கைரேகை இல்லை, காலடித் தடம் இல்லை, பார்க்க உடல்கூட இல்லை. அன்று அங்கிருந்த ஐந்து பேர் எழுதித் தரும் நினைவுகள் மட்டுமே உள்ளன. ஒரே காலைப் பொழுதை ஐந்து கைகள் எழுதுகின்றன. யாரும் பெரிதாகப் பொய் சொல்லவும் இல்லை. என் குறிப்பேட்டில் இந்த நாவலுக்கு மட்டும் பதினொரு பக்கங்கள். தீர்வை வாசித்த பிறகு பின்னோக்கிப் புரட்டியபோது, முழு உண்மையையும் திறந்திருக்கக்கூடிய ஒரு சாதாரணப் பேச்சை, ஓவியர் குடித்த பியரை ஒட்டிய ஒரு வார்த்தையை, நானே என் கையால் எழுதி வைத்திருந்தது தெரிந்தது. எழுதினேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அது எந்த நேரத்தில் சொல்லப்பட்டது என்று என் வலப்பக்கத்து நேர வரிசையுடன் ஒப்பிட்டிருந்தால் போதும். தடயத்தை மறைக்காமல், வாசகரின் கண் முன்பாகவே வைத்து, அதற்கு வேறொரு பொருள் இருப்பதாக நம்ப வைப்பதில் கிறிஸ்டியின் நேர்மை எவ்வளவு கடுமையானது என்பதை அந்த ஒரு வரி எனக்குக் காட்டியது.

ஏமாற்றங்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 1920-களிலும் 30-களிலும் எழுதப்பட்ட பக்கங்களில் யூதர்களைப் பற்றியும் வெள்ளையர் அல்லாதவர்களைப் பற்றியும் வரும் சொற்கள் உறுத்துகின்றன. ஒரு தீவில் பத்துப் பேர் சிக்கிக்கொள்ளும் 1939-ஆம் ஆண்டு நாவலின் மூலத் தலைப்பிலேயே ஓர் இன இழிசொல் இருந்தது. அமெரிக்கப் பதிப்பு 1940-இலேயே தலைப்பை மாற்றிவிட்டபோதும், பிரிட்டனில் அது 1980-கள்வரை நீடித்தது. வேலைக்காரர்களை அறிவிலிகளாகவே காட்டும் வழக்கமும் என்னைப் பலமுறை சலிக்க வைத்தது.

ஆனால் என்னை உண்மையில் நிலைகுலைய வைத்தது 1972-இல் வந்த 'எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்'. வழக்கம்போல ஆட்களின் வயதையும் ஆண்டுகளையும் இடப்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். கணக்கு ஒத்துவரவில்லை. பழைய மரணங்கள் நடந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதே இடத்துக்கு இடம் மாறியது. இது நிச்சயம் தடயம், யாரோ தம் வயதை மறைக்கிறார்கள் என்று எண்ணி மூன்று முறை திரும்பிப் போய் வாசித்தேன். என் விடையையே அந்த முரண்பாட்டின் மேல் கட்டினேன். தீர்வு அத்தியாயத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவை எழுதியவரின் தவறுகள். கோபத்தோடு தேடியபோது, டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. கிறிஸ்டியின் நாவல்களைக் கணினி மூலம் ஒப்பிட்ட அவர்கள், எண்பது வயதைத் தாண்டிய பின் எழுதப்பட்ட இந்த நாவலில் சொல்வளம் கூர்மையாகக் குறைந்திருப்பதையும், ஒரே தொடர்கள் திரும்பத் திரும்ப வருவதையும் கண்டு, நினைவாற்றலைச் சிதைக்கும் நோய் இருந்திருக்கக்கூடும் என்று கருதினார்கள். அப்படி ஒரு நோய் அவருக்கு இருந்ததாக மருத்துவர்கள் உறுதி செய்ததில்லை. ஆனால் அந்த நாவலின் பொருளே மறதியும் நினைவும்தான் என்பதை எண்ணியபோது, என் குறிப்பேட்டில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்த அந்த ஆண்டுக் கணக்குகளைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கடைசியாக எழுதிய, 1973-இல் வந்த 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' நாவலுக்குக் குறிப்பு எடுக்கவேயில்லை; மெதுவாக வாசித்து மட்டும் முடித்தேன்.

வரிசைப்படி வாசித்ததன் முழுப் பயனும் அதற்கு அடுத்த புத்தகத்தில் கிடைத்தது. பொய்ரோவின் இறுதி வழக்கான 'கர்ட்டன்' 1975-இல் வெளிவந்தது என்றாலும், அது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதப்பட்டுப் பாதுகாப்பாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்த நாவல். தளர்ந்த கையால் எழுதப்பட்ட நாவல்களை அடுத்தடுத்து வாசித்துவிட்டு அதைத் திறந்தால், முதல் பக்கத்திலேயே பழைய வேகமும் பழைய கூர்மையும் திரும்பி வந்து நிற்கின்றன. 1920-இல் கதை தொடங்கிய அதே ஸ்டைல்ஸ் மாளிகைக்கே பொய்ரோவும் அவருடைய நண்பர் ஹேஸ்டிங்ஸும் திரும்புகிறார்கள். நியூயார்க் டைம்ஸ் 1975 ஆகஸ்ட் 6 அன்று பொய்ரோவுக்கு முதல் பக்கத்தில் மரணச் செய்தி வெளியிட்டது வாசகர் பலர் அறிந்ததே. அந்த முடிவு தெரிந்திருந்தும் கடைசி இரண்டு அத்தியாயங்களை ஒரே மூச்சில் வாசிக்க என்னால் இயலவில்லை. கிறிஸ்டி 1976 ஜனவரி 12 அன்று மறைந்த பின் வெளிவந்த 'ஸ்லீப்பிங் மர்டர்' நாவலை வாங்கி வைத்து, நான்கு மாதம் தொடாமலே இருந்தேன். அதற்குப் பிறகு புதிதாக எதுவும் இல்லை என்ற எண்ணமே தடுத்தது. எடுத்த பிறகு இரண்டே மாலைகளில் முடித்தேன். குறிப்பேட்டில் நான் எழுதியிருந்த பெயர் சரியாக இருந்தது.

இப்போது இரண்டாம் சுற்று தொடங்கியிருக்கிறேன். விடை தெரிந்துவிட்ட இந்த நாவல்களில் 12-ஐ மட்டும் எடுத்து, ஒவ்வொரு தடயமும் முதன்முதலில் எந்தப் பக்கத்தில் வைக்கப்படுகிறது என்று குறித்து வருகிறேன். நான்காவது புத்தகத்தில் இருக்கிறேன். அடுத்த ஆண்டுக்கு, 1946-இல் தொடராக வெளிவந்து 2019-இல்தான் ஆங்கிலத்தில் கிடைத்த செய்ஷி யோகோமிஸோவின் பூட்டிய அறைக் கொலை நாவலையும், அதைப் பின்தொடர்ந்த ஜப்பானிய எழுத்தாளர்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். பின்னட்டைகளை ஏற்கெனவே தாள் ஒட்டி மறைத்துவிட்டேன்.