கிரீஸ் ரீஏஜென்டோடு ஒன்பது வருடம்

எங்கள் ஆய்வக ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் அலுமினியத் தாள் சுற்றிய இரண்டு பழுப்பு பாட்டில்கள் எப்போதும் இருக்கும். ஒன்றில் 5 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்த 1 சதவீத சல்ஃபனிலமைடு. இன்னொன்றில் 0.1 சதவீத என்.இ.டி. இரண்டும் சேர்ந்தால், நைட்ரைட் இருக்கும் இடத்தில் பிங்க் நிறம் வரும். கிரீஸ் ரீஏஜென்ட் என்பது இவ்வளவுதான். பிஎச்.டி. சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு சீனியர் அக்கா கலக்கச் சொல்லிக் கொடுத்தார். ஒன்பது வருடமாகக் கலக்கிக்கொண்டிருக்கிறேன். உடலில் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ் (சுருக்கமாக நாஸ்) என்சைமில் வேலை தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுவது இதைத்தான். எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று எழுதி வைக்கிறேன்.

பெயருக்கு உரியவர் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர். இங்கிலாந்தில் பர்ட்டன் ஊரின் பீர் ஆலையில் வேலை பார்த்தபடியே அசோ சாயங்களைத் தோண்டித் துருவியவர். நைட்ரைட்டுக்கான இந்தச் சோதனையை அவர் 1879இல் சொன்னார். ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகிறது என்று தெளிவாக 1987 வரை ஆனது. ஆக, இந்தச் சோதனைக்கு என்சைம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதை நான் உணர மூன்று வருடம் பிடித்தது.

என்சைம் செய்வது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை சிட்ருலின் என்ற இன்னொன்றாக மாற்றுவது. அந்த வழியில் நைட்ரிக் ஆக்சைடு வெளிவரும். அது சில நொடிகளில் கரைந்து போய், மிச்சமாக நைட்ரைட்டும் நைட்ரேட்டும் நிற்கும். கிரீஸ் பார்ப்பது அதில் நைட்ரைட்டை மட்டும். சமைத்தவரைப் பார்க்காமல் கழுவப் போட்ட பாத்திரத்தைப் பார்த்துச் சமையலைக் கணக்குப் போடுகிற மாதிரி.

செல் வளர்ப்பில் அந்தக் கணக்கு சரியாகவே வரும். ரா 264.7 என்ற எலி மேக்ரோபேஜ் (கிருமியை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்) செல்களுக்கு எல்.பி.எஸ். என்ற பாக்டீரியாச் சுவர்ப் பொருளைக் கொடுத்து 24 மணி நேரம் விட்டால் ஐநாஸ் (தூண்டினால் உருவாகும் நாஸ் வகை) உருவாகும். கால்சியத்தை உணரும் கால்மோடுலின் புரதத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால் கால்சியம் ஏறுமா என்று அது காத்திருக்காது. மணிக்கணக்கில் உற்பத்தி செய்துகொண்டே போகும். மீடியத்தில் (செல் வளரும் திரவத்தில்) பத்துக்கணக்கான மைக்ரோமோலார் நைட்ரைட் சேர்ந்துவிடும். 50 மைக்ரோலிட்டர் மீடியம், அதே அளவு சல்ஃபனிலமைடு, பத்து நிமிடம் இருட்டு, பிறகு என்.இ.டி. விட்டதும் பிளேட்டின் குழி ஓரத்திலிருந்து பிங்க் பரவும். 540 நானோமீட்டர் ஒளியில் நிறத்தின் அடர்த்தியைப் படித்தால் போதும். செலவு ஒரு பிளேட்டுக்கு டீக்காசு. இந்த வேலைக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. இதே இரண்டு திரவத்தை அழகான பெட்டியில் போட்டு விற்கும் கிட்டை இரண்டு முறை வாங்கினேன். பெட்டி இப்போது பென்சில் வைக்கப் பயன்படுகிறது.

முதல் அடி நைட்ரேட்டையும் சேர்த்து அளக்க ஆசைப்பட்டபோது விழுந்தது. நைட்ரேட் ரிடக்டேஸ் என்ற என்சைம் சேர்த்து, எல்லாவற்றையும் நைட்ரைட்டாக்கி, கிரீஸ் விட்டேன். பிளேட் முழுக்க அடர் பிங்க். எல்.பி.எஸ். போடாத கன்ட்ரோலும் பிங்க், செல்லே இல்லாத வெறும் மீடியமும் பிங்க். தண்ணீரைச் சந்தேகித்தேன், டிப் மாற்றினேன், பிப்பெட்டைக் கழற்றிக் கழுவினேன். இரண்டு வாரம் போனது. கடைசியில் மீடியத்தின் சேர்மானப் பட்டியலைப் படித்தபோதுதான் தெரிந்தது: நான் பயன்படுத்திய ஆர்.பி.எம்.ஐ. 1640 மீடியத்தில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் நைட்ரேட் இருக்கிறது. கிட்டத்தட்ட 850 மைக்ரோமோலார் நைட்ரேட்! அந்தக் கடலில் என் செல்கள் விட்ட துளியை எங்கே தேடுவது? டி.எம்.இ.எம். என்ற வேறு மீடியத்துக்கு மாறினேன், பிரச்சினை தீர்ந்தது. பட்டியலை முதல் நாளே படித்திருக்கலாம், சரி.

திசுவில்தான் உண்மையான தலைவலி. சிறுநீரகத்தையோ சிறுமூளையையோ அரைத்து, ஆர்ஜினினும், என்சைமுக்கு எலக்ட்ரான் தரும் என்.ஏ.டி.பி.எச்.சும் சேர்த்து, கிரீஸ் விட்டு ‘நாஸ் செயல்பாடு’ என்று எழுதுவது சுலபம். முதலாவது, மிச்சமிருக்கும் என்.ஏ.டி.பி.எச். நிறம் வருவதையே தடுக்கும். லாக்டேட் டிஹைட்ரோஜினேஸும் பைருவேட்டும் போட்டு அதைத் தீர்க்க வேண்டும். அடுத்து ரத்தம். ரத்தக்குழாய் வழியே திரவம் செலுத்தித் திசுவைக் கழுவாமல் (பெர்ஃப்யூஸ் செய்யாமல்) எடுத்தால், ஹீமோகுளோபின் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடை நைட்ரேட்டாக்கி விழுங்கிவிடும். எலி தின்ற தீனியிலிருந்து வந்த நைட்ரேட் வேறு. இத்தனைக்கும் மேல், ரத்தக்குழாய் வகையான ஈநாஸ், நரம்பு வகையான என்நாஸ் தரும் அளவு பல திசுக்களில் கிரீஸின் கீழ் எல்லையான ஒன்றிரண்டு மைக்ரோமோலாரைத் தாண்டுவதே இல்லை.

அதனால் திசுவுக்கு நான் சிட்ருலின் முறைக்குப் போய்விட்டேன். பிரெட், ஸ்னைடர் என்ற ஆய்வாளர்கள் 1990இல் எலியின் சிறுமூளையிலிருந்து என்நாஸைப் பிரித்தெடுத்தபோது, அதற்குக் கால்மோடுலின் தேவை என்று காட்டியதும் இதே அளவீட்டை நம்பித்தான். ட்ரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய ஆர்ஜினினைக் கொடுத்து, வினையை நிறுத்தி, டவெக்ஸ் ரெசினில் (அயனிகளைப் பிடிக்கும் சிறு மணிகள்) விட்டால் ஆர்ஜினின் ஒட்டிக்கொள்ளும், சிட்ருலின் வழிந்து வரும், அதை எண்ணலாம். கதிரியக்க அனுமதி, பதிவேடு, கழிவுக்குத் தனி டப்பா என்று எரிச்சலான வேலைதான். கல்லீரல் என்றால், ஆர்ஜினினை உடைக்கும் ஆர்ஜினேஸ் என்சைமை அடக்க வேலின் சேர்க்க மறக்கக் கூடாது. ஆனால் இது கேட்பது என்சைமை.

கிரீஸில் சில்லறைக் குறைகளும் உண்டு. என்.இ.டி. பழுப்பாகிவிட்டால் கொட்டிவிடுங்கள். ஹெப்பாரின் கலந்த பிளாஸ்மாவில் கலங்கல் வரும். ஸ்டாண்டர்டை வெறும் தண்ணீரில் போடாமல் சாம்பிள் இருக்கும் அதே மீடியத்தில் போடுங்கள்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த மாணவி, எலியின் இதயத் திசுவில் ஈநாஸ் இருமடங்கானதாக ஒரு பட்டை வரைபடத்தோடு வந்தாள். எல்லாம் கிரீஸில் எடுத்தது. எதுவும் சொல்லாமல், நாஸைத் தடுக்கும் எல்-என்.என்.ஏ. குப்பியைக் கொடுத்தேன் (பலரும் போடும் எல்-நேம் என்ற தடுப்பான் உடைந்து இதுவாக மாறிய பிறகுதான் வேலை செய்யும், அரைத்த திசுவில் நேராக இதையே போடுவது என் வழக்கம்). நாஸைத் தடுத்துவிட்டு ஒரு வரிசை போட்டுப் பார் என்றேன்.

மறுநாள் பிளேட்டைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தாள். அந்த வரிசையும் அதே பிங்க்.

“அக்கா, ரெசின் எங்கே இருக்கு?” என்றாள்.