ஸ்டோரிவீவர்: மடியில் வைத்து வாசிக்கத் தகுந்த திரை

எல்.கே.ஜி. படிக்கும் மகளுக்காகக் கடந்த ஆறு மாதங்களாக ஸ்டோரிவீவர் தளத்தைப் பயன்படுத்தி வருகிறேன். பெங்களூருவில் இயங்கும் லாப நோக்கற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய இத்தளத்தில், தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இதற்கு முன் சந்தா கட்டி வைத்திருந்த வேறொரு செயலியில் சரியான எழுத்தைத் தொட்டால் நாணயங்கள் கொட்டும். சில வாரங்களிலேயே என் மகள் எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்காகவே திரையைத் தட்டப் பழகியிருந்தாள். இங்கே கதையை வாசிக்கும்போது பக்கத்தை நாம் திருப்பினால்தான் திரும்பும். ஒருநாள் மழையைப் பற்றிய கதையொன்றில், இலைக்கடியில் ஒதுங்கியிருந்த தவளையைக் கண்டுபிடித்தவள், அது முன்பே அங்கு இருந்ததா என்று பார்க்க மூன்று பக்கங்கள் பின்னால் போனாள். அன்று நான் ஒரு வரிகூட வாசிக்கவில்லை. தவளையின் கதையை அவளே சொல்லி முடித்தாள். அந்த இருபது நிமிடங்களுக்காகவே இத்தளத்தை மனமாரப் பாராட்டுவேன்.

கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் நிலைக் கதைகள் 250 சொற்களுக்குள் அடங்குபவை என்பதாலும், எளிய சொற்களே திரும்பத் திரும்ப வருவதாலும், மூன்றாம் முறை வாசிக்கையில் குழந்தை நம்மை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. பயனர்களும் மொழிபெயர்க்கலாம் என்பதால் தமிழ்நடை கதைக்குக் கதை மாறும். பெற்றோர் ஒருமுறை வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. கைபேசியைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டுச் சமையலைக் கவனிக்க நினைப்பவர்களுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் திரைமுன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. ஆகவே நான் பெரிதும் மதிப்பது இத்தளத்தின் பதிவிறக்க வசதியைத்தான். யாரும் நகலெடுத்துப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டிருப்பதால், கதைகளைத் தயக்கமின்றி அச்சிட்டுக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, நடுவில் பின் அடித்துக் கொடுத்த ஐந்து கதைகளுக்கும் மகளே வண்ணம் தீட்டியிருக்கிறாள். கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரியாத அவளுடைய பாட்டி, இப்போது மதிய உணவுக்குப் பின் அவற்றைத்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறார்.