சேற்றுப் பந்தயத்துக்கு முன்னால் பைக்கை சர்வீஸுக்கு விடுகிறவர்களுக்கு

மழையில் டவுன்ஹில் பந்தயம், அதாவது மலைச்சரிவில் மேலிருந்து கீழே சைக்கிளில் இறங்குகிற பந்தயம், ஓட்டப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? பைக்கைக் கடையில் விட்டு "எல்லாத்தையும் ஒருதடவை பார்த்துடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். நான் அதைத்தான் செய்தேன். பலன், இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரத்தக்கட்டு, தகுதிச் சுற்றே ஓட்டாமல் திரும்பிய ஒரு பந்தயம், செய்யாத வேலைக்குக் காசு கட்டிய ஒரு பில். கடையின் பெயரைக் கேட்காதீர்கள், போடப் போவதில்லை.

நான் கேட்ட வேலை நாலு. சேற்றுக்கான மட் டயர் மாட்டுவது, இரண்டு பிரேக்கையும் பிளீட் செய்வது (பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது), முன்னும் பின்னும் மெட்டல் பிரேக் பேட் போடுவது, ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வை வாங்குகிற இரட்டைக் கால்) கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து புது எண்ணெய் ஊற்றுவது. டயர் விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதைச் சரியாகவே மாட்டினார்கள். டயர் கண்ணுக்குத் தெரிகிற சாமான், அதில் ஏமாற்ற முடியாது என்று இப்போது தோன்றுகிறது.

மெட்டல் பேட் என்று ஏன் அழுத்திச் சொன்னேன் என்றால், பிசினில் செய்த ரெசின் பேட் மெத்தென்று இருக்கும், சத்தம் போடாது, தொட்டவுடன் கவ்வும், காய்ந்த தரையில் அதைப்போல சுகம் வேறில்லை. சேற்றில் கதை வேறு. சேறு என்பது தண்ணீரில் குழைத்த மணல்தானே, அது ரோட்டருக்கும் (சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் தட்டு) அதைக் கவ்வுகிற பேடுக்கும் நடுவில் புகுந்து உப்புத்தாள் மாதிரி அரைக்கும், ரெசின் சாக்பீஸாகக் கரையும். மெட்டல் பேடும் தேயும், ஆனால் நின்று தேயும். ஈரத்தில் கிறீச் கிறீச் என்று ஊரைக் கூட்டும், அது பரவாயில்லை. பில்லில் 'மெட்டல் பேட், 2 செட்' என்று தெளிவாக எழுதியிருந்தது. 'ஃபோர்க் சர்வீஸ்' என்றும் எழுதியிருந்தது.

பைக்கை எடுத்தது பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். இது முழுக்க என் தப்பு. புதுப் பேடை அப்படியே கொண்டுபோய்ப் பந்தயத்தில் இறக்கக்கூடாது, வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அமுக்கி, மறுபடி வேகம் எடுத்து, இப்படி ஒரு இருபது தடவையாவது செய்து பதப்படுத்த வேண்டும். அதற்கு நேரமில்லை. கடைக்காரர் பிரேக் லீவரை அமுக்கிக் காட்டி, "கல்லு மாதிரி இருக்கு பாருங்க தம்பி" என்றார். இருந்தது. ரீச் ஸ்க்ரூவைத் திருகி லீவரை ஹேண்டில்பாரிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் அவ்வளவு வெளியிலேயே கவ்வுகிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ராத்திரி முழுக்க மழை. காலையில் தடத்தை நடந்து பார்த்தபோது பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிலோ கனத்தது. மேல்பாதி முழுக்க வேர்கள், அதுவும் சரிவுக்குக் குறுக்கே கிடக்கிற ஈர வேர்கள். இதை ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈர வேர்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் சோப்பின்மேல் வைத்த மாதிரி பக்கவாட்டில் போய்விடும். அதனால் வேர் வருவதற்கு முன்னால் இருக்கிற நாலைந்து மீட்டர் வெறும் மண்ணில் வேகத்தை முழுக்கக் குறைத்து, வேர் வந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். மொத்தப் பிரேக்கிங்கும் அந்தச் சின்னத் துண்டுகளில்தான் நடக்கிறது. அங்கே பிரேக் கவ்வவில்லை என்றால் வேறு இடமே கிடையாது.

முதல் பயிற்சி ஓட்டம் நன்றாகவே போனது. ஃபோர்க் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது, சின்னச் சின்ன அதிர்வை எல்லாம் கைக்கு அனுப்பியது, குளிர்தான் காரணம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டாவது ஓட்டத்தின் பாதியில் முன் லீவர் விரல் அகலம் உள்ளே வந்துவிட்டது. மூன்றாவதில் அந்தச் சத்தம் வந்தது. ஈர மெட்டல் பேடின் கிறீச் இல்லை, தகரத்தைச் சிமெண்ட் தரையில் இழுக்கிற சத்தம். லீவர் ஹேண்டில்பாரையே தொட்டது. வேர் வந்தது, வேகம் குறையவில்லை, நான் ஒரு பக்கம், பைக் இன்னொரு பக்கம், தடத்துக்குக் கட்டியிருந்த டேப்பை மார்பில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு ஒரு அடிமரத்தில் போய் இடுப்பால் நின்றேன். ஹெல்மெட்டுக்குள் வாய் நிறைய மண்.

2011 டவுன்ஹில் உலக சாம்பியன்ஷிப்பில் பிரிட்டிஷ் வீரர் டேனி ஹார்ட் சுவிட்சர்லாந்தின் சாம்பெரியில் கொட்டுகிற மழையில் ஓட்டி 11 விநாடிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்த வீடியோவை நாம் எல்லோரும் எத்தனை தடவை பார்த்திருப்போம். அவருடைய பிரேக் பேடை யார் மாற்றியிருப்பார்கள் என்று எனக்கு யோசனை வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை, அந்த மரத்தடியில் உட்கார்ந்தபடி.

கூடாரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து பேடை வெளியே எடுத்தேன். முன்பக்கம் இரண்டிலும் பேட் என்று ஒன்றுமே இல்லை, வெறும் தகடு, அதுவும் ரோட்டரில் உரசி வரிவரியாகக் கீறியிருந்தது. தகட்டைத் துடைத்துத் திருப்பினால் குறியீடு தெரிந்தது. என்னுடையது சிமானோ பிரேக். அதற்கான பேடில் எச்03சி என்றால் மெட்டல், எச்03ஏ என்றால் ரெசின், கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். என் கையில் இருந்தது ஏ. பின்பக்கமும் ஏ.

அப்போதும் பெட்டி மாறிப் போயிருக்கலாம், கவனிக்காமல் மாட்டியிருப்பார்கள் என்று ஒரு மனசு சொன்னது. மறுநாள் ஃபோர்க்கைக் கையில் எடுத்ததும் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. கீழ்க்கால்களைக் கழற்ற வேண்டுமானால் இடது காலின் அடியில் இருக்கிற போல்ட்டை ஆலன் கீ போட்டுத் திறந்தே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. அந்த போல்ட் குழியைக் குச்சியால் நோண்டினேன். மேலே முந்தின நாள் பந்தயத் தடத்தின் கறுப்புச் சேறு, இன்னும் ஈரமாக, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதற்குக் கீழே குழியை அடைத்துக்கொண்டு செங்கல் மாதிரி காய்ந்த சிவப்பு மண். சிவப்பு மண்ணில் நான் ஓட்டியது அதற்கு முந்தின பந்தயத்தில். பைக்கை சர்வீஸுக்கு விடுவதற்கு மூன்று வாரம் முன்னால்.

அந்த மண்ணை எடுக்காமல் அதற்குள் சாவி நுழையாது. அப்படியே போட்டோ எடுத்தேன், அப்புறம் திறந்தேன். எண்ணெய் வரவில்லை. டீ மாதிரி கலங்கிய ஏதோ ஒன்று, இரண்டு ஸ்பூன்கூடத் தேறாது, சொட்டியது. சீலுக்கு அடியில் எண்ணெயில் ஊறிக் கிடக்க வேண்டிய ஃபோம் வளையங்கள் காய்ந்து விரலில் பொடியாக ஒட்டின. ஃபோர்க் செய்கிற கம்பெனியான ராக்‌ஷாக்ஸ் இந்த வேலையை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது, மழையில் ஓட்டுகிறவர்கள் இன்னும் முன்னாலேயே செய்வார்கள். ஃபோர்க் முரண்டு பிடித்ததற்குக் காரணம் குளிர் இல்லை.

கடைக்குப் போனேன். முதல் பதில், "சேத்துல ஓட்டினா பேட் போகத்தான் செய்யும் தம்பி." இதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் எரிச்சல். மழைப் பந்தயம் முடிந்த பிறகு எது கெட்டுப்போனாலும் பழியைச் சேற்றின்மேல் போட்டுவிடலாம். தகட்டைத் திருப்பி எழுத்தைக் காட்டியதும், "உங்க ரோட்டருக்கு மெட்டல் ஒத்துக்காது, அதான் மாத்திப் போட்டோம்" என்றார். சில மலிவு ரோட்டர்களில் 'ரெசின் பேட் மட்டும்' என்றே அச்சடித்திருப்பார்கள், அதில் மெட்டல் போட்டால் ரோட்டர் தேய்ந்துவிடும், அது நிஜம். என் ரோட்டரில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை. இருந்திருந்தாலும் பில்லில் மெட்டல் என்று ஏன் எழுதினீர்கள், விலையை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். பதிலுக்கு என் பைக்கை எவ்வளவு அழுக்காக வைத்திருக்கிறேன் என்று ஒரு பேச்சு.

சிவப்பு மண் போட்டோவை நீட்டினேன். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்தார். "பையன் பார்த்திருப்பான்" என்றார். எந்தப் பையன் என்று சொல்லவில்லை.

நீங்கள் விடப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். கழற்றின பழைய பேடையும் ஃபோம் வளையங்களையும் ஒரு கவரில் போட்டுத் தரச் சொல்லுங்கள், விடும்போதே சொல்லுங்கள், எடுக்கும்போது கேட்டால் "குப்பையில போட்டாச்சே" என்பார்கள். ஃபோர்க் போல்ட்டும் காலும் சேருகிற இடத்தில் நகப்பாலிஷால் ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டுக் கொடுங்கள், திறந்தால் கோடு உடையும், யாருக்கும் கண்ணில் படாது. புதுப் பேடை உங்கள் கண்ணெதிரே பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லி எழுத்தைப் படியுங்கள். முக்கியமாக, பந்தயத்துக்கு மூன்று நாளாவது முன்னால் எடுத்து ஈரத்தில் ஒருதடவை ஓட்டிவிடுங்கள். ஒரு செட் பேட் பையில் கூடவே இருக்கட்டும், சேற்றில் நல்ல மெட்டல் பேடே ஒரே நாளில் தீர்ந்துபோகலாம்.

பேடுக்கான காசை மட்டும் அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். ஃபோர்க்குக்கு வாங்கினதைத் தரவில்லை, அடுத்த தடவை கொண்டுவந்தால் இலவசமாகச் செய்து தருகிறார்களாம்.